ஜெபவீட்டுக்கு நோட்டீஸ் வந்துடுச்சா? சபை கமிட்டிக்கு புதுசா வந்தவங்க எதை முதல்ல செய்யணும், எதை செய்யவே கூடாது

எங்க சபையில என்னை செயலாளரா போட்டு நாலாவது மாசம் விஏஓ நோட்டீஸ் கொண்டு வந்து கொடுத்தார். அனுமதி இல்லாம ஜெபக்கூட்டம் நடத்துறீங்க, நிறுத்துங்கன்னு. அதுக்கப்புறம் சமாதானக் கூட்டம், சீல், ஹைகோர்ட், திரும்ப கலெக்டர் ஆபீஸ்னு ஒண்ணே முக்கால் வருஷம் அலைஞ்சு போன மாசம்தான் கதவைத் தொறந்தோம். திரும்பிப் பார்த்தா அதுல பாதி நாள் அரசாங்கத்தால போகல, எங்க சபையோட சொந்த பேப்பர் சரியா இல்லாததால போச்சு. வக்கீல் கேக்குற ஒவ்வொரு பேப்பரையும் தேடி எடுக்க ஒரு மாசம், அது சரியில்லைன்னு தெரிஞ்சு சரி பண்ண ரெண்டு மாசம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இதை உக்காந்து எழுதுறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இது எங்களை மாதிரி தனி சபைகளுக்கு, அதாவது சங்கமாவோ டிரஸ்ட்டாவோ தானே பதிவு பண்ணி நடத்துற சபைகளுக்கு எழுதுனது. சிஎஸ்ஐ, ஆர்சி, லுத்தரன் மாதிரி பெரிய அமைப்புல இருக்கிற சபைன்னா சொத்து பெரும்பாலும் மேல இருக்கிற அமைப்பு பேர்லதான் இருக்கும், நீங்களா எந்த பதிலும் கொடுக்காதீங்க, நோட்டீஸோட நகலை அன்னைக்கே டயோசீஸ் ஆபீஸுக்கு அனுப்பிட்டு அவங்க சொல்றபடி செய்யுங்க. நான் வக்கீல் இல்ல. உங்க கேஸுக்கு கடைசி வார்த்தை உங்க வக்கீலோடது.

1. எந்தச் சட்டத்துல நோட்டீஸ் வந்திருக்குன்னு பாருங்க

நோட்டீஸ் வந்ததும் எல்லாரும் கலெக்டர் ஆபீஸுக்கு ஓடுறாங்க. ஓடாதீங்க. முதல்ல மேல "பார்வை"ன்னு போட்டு நம்பர் நம்பரா எழுதியிருக்கிறதையும், நடுவுல சட்டப்பிரிவு எதுன்னும் படிங்க. அதைப் பொறுத்துதான் பதில் மாறும், காலக்கெடு மாறும்.

1905ம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7ம் பிரிவுன்னு இருந்தா இடம் புறம்போக்குன்னு சொல்றாங்க. இது விளக்கம் கேட்குற நோட்டீஸ், அடுத்து 6ம் பிரிவு நோட்டீஸ் வந்தா காலி பண்ணுங்கன்னு அர்த்தம். உண்மையிலேயே ரோட்டு மேலயோ பொது இடத்துலயோ கட்டியிருந்தா ரொம்ப கஷ்டம், பொது இடத்துல எந்த மதத்து கட்டடமும் புதுசா அனுமதியில்லாம வரக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2009ல உத்தரவு போட்டிருக்கு. அதுல சண்டை போட்டு காசைக் கரைக்காம மாத்து இடம் தேடுறது நல்லது.

1971ம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டம், 56 இல்லன்னா 57ம் பிரிவுன்னு இருந்தா பிரச்சனை கட்டட பிளான் அனுமதி. சீல் வைக்கிறது பெரும்பாலும் இதுலதான் நடக்கும். இதுக்கு எதிரா அரசாங்கத்துக்கு, அதாவது வீட்டுவசதி நகர்ப்புற வளர்ச்சித் துறை செயலாளருக்கு, 80-ஏ பிரிவுல மனு போடலாம். ஆனா முப்பது நாள்தான் டைம், அதை விட்டவங்கதான் அதிகம்.

கலெக்டர் அனுமதி இல்லைன்னு இருந்தா கிராமப் பகுதிக்கு 1997ம் வருஷ பஞ்சாயத்து கட்டட விதிகள், 4(3). பொது வழிபாட்டுக்கு கட்டடம் கட்ட கலெக்டரோட முன் அனுமதி வேணும், பொது அமைதி கெடும்னு நினைச்சா அவர் மறுக்கலாம்னு அந்த விதி சொல்லுது. நகராட்சிப் பகுதின்னா வேற விதி, 2019ல ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வந்திருக்கு, உங்க இடத்துக்கு எது பொருந்தும்னு வக்கீல்கிட்ட கேளுங்க.

"வீட்டுக்குள்ளதானே ஜெபிக்கிறோம், மைக்கே வைக்கிறதில்ல, இதுக்கு எதுக்கு அனுமதி"ன்னு நீங்க கேட்கலாம், நாங்களும் அதைத்தான் கேட்டோம். குடும்பமா வீட்டுல ஜெபிக்கிறதை யாரும் தடுக்க முடியாது. ஆனா போர்டு மாட்டி, வாராவாரம் வெளியாட்கள் கூடி, வீட்டை ஜெபவீடா மாத்திட்டா அனுமதி வேணும், மைக் வைக்கலைங்கிறது மட்டும் போதாதுன்னு 2025ல சென்னை ஹைகோர்ட் சொல்லியிருக்கு. வாட்ஸ்அப்புல சுத்துற பழைய தீர்ப்பை நம்பி உக்காந்திருக்காதீங்க.

இன்னொண்ணு. நோட்டீஸ் உங்க கைக்கு வந்த தேதியை அதோட மூலையிலயே பேனாவுல எழுதுங்க. தபால்ல வந்திருந்தா கவரைத் தூக்கிப் போடாதீங்க, அந்த தபால் முத்திரை தேதிதான் நாளைக்கு உங்களைக் காப்பாத்தும். எங்க நோட்டீஸுல போட்டிருந்த தேதிக்கும் எங்க கைக்கு வந்த தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். கவர் இருந்ததால தப்பிச்சோம்.

2. அன்னைக்கு சாயங்காலமே கமிட்டியைக் கூட்டி தீர்மானம் எழுதுங்க

பதில் எழுதுறதுக்கு முன்னாடி யார் எழுதப் போறாங்கன்னு முடிவு பண்ணணும். சபைகள்ல வழக்கமா நடக்கிறது என்னன்னா, பாஸ்டர் ஒரு பதில் எழுதுவார், பொருளாளர் தெரிஞ்ச அரசியல்வாதி மூலமா ஒரு மனு கொடுப்பார், வாலிபர் கூட்டத்துல ரெண்டு தம்பிங்க முதல்வர் தனிப்பிரிவுக்கு ஆன்லைன்ல ஒண்ணு போடுவாங்க. மூணுலயும் மூணு மாதிரி எழுதியிருக்கும். ஒருத்தர் "20 வருஷமா சபை நடக்குது"ன்னுவார், இன்னொருத்தர் "இது வெறும் வீடு"ன்னுவார். கோர்ட்டுல கவர்மெண்ட் வக்கீல் அந்த மூணையும் எடுத்து ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வைப்பார்.

அதனால தீர்மானப் புத்தகத்தை எடுங்க. பைண்டு பண்ண நோட்டா, பக்க நம்பர் போட்டதா இருக்கணும். தாள் தாளா எழுதி ஃபைல்ல போடுறது வேண்டாம். தேதி, நேரம், இடம், வந்தவங்க பேர், ஒவ்வொருத்தர் கையெழுத்து, அப்புறம் தீர்மானம். எங்க வக்கீல் சொல்லிக் கொடுத்த மாதிரி அப்படியே தர்றேன், பேர் ஊர் மாத்திக்கோங்க:

"இன்ன தேதியில் இன்னாரிடமிருந்து பெறப்பட்ட இன்ன எண்ணிட்ட அறிவிப்பு இக்கூட்டத்தில் படிக்கப்பட்டது. அதற்குப் பதில் அளிக்கவும், உரிய அதிகாரிகளிடம் மனு அளிக்கவும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும், வழக்கறிஞரை நியமிக்கவும், பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிடவும் சபையின் செயலாளர் திரு. இன்னாருக்கு அதிகாரம் அளித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. செயலாளர் இல்லாத நேரத்தில் பொருளாளர் இப்பொறுப்பை ஏற்பார்."

அந்த கடைசி வரியை விட்டுடாதீங்க. எனக்கு நடுவுல டெங்கு வந்து மூணு வாரம் படுத்துட்டேன், பொருளாளருக்கு அதிகாரம் இருந்ததால ஒரு வாய்தாவும் தவறல.

வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் தம்ப்ஸ் அப் போட்டது கூட்டம் ஆகாது. முன்தேதி போட்டு தீர்மானம் எழுதவும் எழுதாதீங்க, எழுதுறவங்க நிறைய பேர், சபையில அதை செய்யவே கூடாது, கோர்ட்டுல பிரமாணம் பண்ணிக் கொடுக்கப் போற பேப்பர் அது. எழுதுனதுல தப்பு வந்தா வைட்னர் வேண்டாம், ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்து போடுங்க.

3. பேப்பரை எல்லாம் கட்டடத்தை விட்டு வெளிய எடுங்க

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். சீல் வைக்க வந்தது ஒரு புதன்கிழமை காலைல பத்தரை மணிக்கு. நாங்க உள்ள ஓடி எடுத்தது ஆர்மோனியம், திருவிருந்து பாத்திரம், ரெண்டு ஃபேன். கதவு மூடி, துணி சுத்தி அரக்கு வச்சதுக்கு அப்புறம்தான் எங்க பொருளாளர் அக்கா தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க, பச்சை பீரோவுல தீர்மானப் புத்தகம், ஒரிஜினல் பத்திரம், ஞானஸ்நான ரெஜிஸ்டர், மூணு வருஷத்து வவுச்சர் எல்லாம் உள்ளேயே இருக்கு. அதை எடுக்க தனியா மனு கொடுத்து, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) முன்னாடி சீலைத் திறந்து, எடுத்துட்டு திரும்ப மூட 41 நாள் ஆச்சு. அதுவரைக்கும் கேஸ் போட முடியல.

நோட்டீஸ் வந்த அன்னைக்கே எடுத்துடுங்க. பத்திரத்தை பேங்க் லாக்கர்ல வைங்க, மத்ததை கமிட்டியில ரெண்டு பேர் வீட்டுல பிரிச்சு வைங்க, யார்கிட்ட எது இருக்குன்னு லிஸ்ட் எழுதி மூணு பேர் கையெழுத்து போடுங்க. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, மொபைல்ல போட்டோ எடுத்தா ஓரம் வெட்டுப்படும், ஜெராக்ஸ் கடையில பக்கத்துக்கு அஞ்சு ரூபா கொடுத்து பிடிஎஃப்பா வாங்கிக்கோங்க.

சீல் வைக்க வந்துட்டாங்கன்னா தடுக்காதீங்க, வாக்குவாதம் வேண்டாம். உள்ள என்னென்ன இருக்குன்னு மகஜர், அதாவது சாமான் பட்டியல், எழுதச் சொல்லிக் கேளுங்க, நகல் கேளுங்க, வீடியோ எடுங்க. அப்புறம் என்ன கோபம் வந்தாலும் சீலைத் தொடாதீங்க, அதிகாரி உத்தரவை மீறினதுக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போ இருக்கிற குற்றச் சட்டம்) 223ல கேஸ் போட்டா அதுக்கு தனியா அலையணும்.

4. சங்கப் பதிவு உயிரோட இருக்கான்னு பாருங்க

இதுதான் எங்களை ரொம்ப அலைக்கழிச்சது, அதனால நீளமாவே எழுதுறேன்.

1975ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணியிருந்தா, பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டினா மட்டும் போதாது. வருஷா வருஷம் செய்ய வேண்டியது இருக்கு. நிதியாண்டு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள, அதாவது செப்டம்பர் 30க்குள்ள, பொதுக்குழு கூட்டி வரவு செலவு கணக்கு பாஸ் பண்ணி மாவட்டப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும். நிர்வாகக் குழுவோட பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக் கூடாது. எலெக்ஷன் நடந்தா, யாராவது ராஜினாமா பண்ணா, இறந்து போனா, அந்த மாற்றத்தை மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 7ல தெரிவிக்கணும். உறுப்பினர் பதிவேடு ஃபார்ம் 6ல இருக்கணும்.

எங்க சபையில ரெண்டு எலெக்ஷனுக்கு ஃபார்ம் 7 போடவே இல்ல. பதிவாளர் ரெக்கார்டுல செயலாளர் யாருன்னா, எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் முன்னாடி இருந்தவர், அவர் கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சு நாலு வருஷம் ஆச்சு. இப்படி இருக்கும்போது நான் போய் "செயலாளர்"னு கையெழுத்து போட்டு கேஸ் போட்டா, எதிர்ல இருக்கிறவங்க முதல் கேள்வியா கேக்குறது "இவர் யார்?" அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியாம எங்க முதல் மனுவை வாபஸ் வாங்கினோம்.

சரி பண்றதுக்கு என்ன வேணும்னா, ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் பொதுக்குழு அறிவிப்பு, அது உறுப்பினர்களுக்கு போய் சேர்ந்ததுக்கு ஆதாரம், வருகைப் பதிவு, தீர்மான நகல், புது நிர்வாகிகள் கையெழுத்து, அடையாள அட்டை நகல். தாக்கல் பதிவுத்துறை வெப்சைட் வழியா பண்ணணும், பேப்பர் கட்டும் ஆபீஸ்ல கேப்பாங்க. தாமதத்துக்கு தனியா பணம் கட்டணும், வருஷக்கணக்கா விட்டிருந்தா மேல இருந்து தாமத மன்னிப்பு வாங்கிட்டு வரச் சொல்வாங்க. எங்களுக்கு இது முடிய மூணு மாசம். பழைய கணக்குகளை ஆடிட் பண்ண ஆடிட்டர் 12 ஆயிரம் வாங்கினார். நீங்க இந்த வரியைப் படிக்கும்போது நோட்டீஸ் எதுவும் வரலைன்னா கூட, இந்த வாரமே மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல உங்க சங்கத்தோட கடைசி ஃபார்ம் 7க்கு சான்று நகல் கேட்டு வாங்கிப் பாருங்க.

சபைக்குள்ள ரெண்டு அணி இருந்தா இன்னும் கஷ்டம். ஒரு அணி ஃபார்ம் 7 போட்டா இன்னொரு அணி அதுக்கு எதிரா ஆட்சேபணை கொடுக்கும், உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் கையெழுத்து போட்டா 36ம் பிரிவுல விசாரணையே கேட்கலாம். எலெக்ஷன் செல்லுமா செல்லாதான்னு முடிவு பண்ற இடம் பதிவாளர் ஆபீஸ் இல்ல, சிவில் கோர்ட்டுக்கு போங்கன்னு அனுப்பிடுவாங்க, அது வருஷக்கணக்கு. நடுவுல பேங்க் அக்கவுண்ட்டை முடக்கிடுவாங்க, ஏன்னா கையெழுத்து மாத்தணும்னா பேங்க்ல கேக்குறதே ஃபார்ம் 7 சான்று நகல்தான். எங்க சபையில ஒரு குடும்பம் ஆறு வருஷமா கமிட்டிகூட பேசுறதில்ல. பாஸ்டர் ஐயாவும் நானும் அவங்க வீட்டுக்குப் போய் தரையில உக்காந்து பேசினோம், இந்த ஒரு விஷயத்துல மட்டும் கூட நில்லுங்கன்னு கேட்டோம். அந்தக் குடும்பத்து அண்ணன்தான் பிற்பாடு பழைய வீட்டு வரி ரசீதை எல்லாம் தேடிக் கொடுத்தார். கேஸ் போடுறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு நடை நடந்துட்டு வாங்க.

டிரஸ்ட்டா இருந்தா ஃபார்ம் 7 கிடையாது. டிரஸ்ட் பத்திரத்துல அடுத்த டிரஸ்டியை எப்படி போடணும்னு எழுதியிருக்கோ அதன்படி போட்டிருக்காங்களான்னு பாருங்க, மாத்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல துணைப் பத்திரம் பதிவு பண்ணியிருக்கான்னு பாருங்க. பாதி டிரஸ்ட்டுகள்ல பாஸ்டரும் அவர் மனைவியும் மகனும்தான் டிரஸ்டி, அது சட்டப்படி தப்பு இல்ல, ஆனா சபையார் காணிக்கையில வாங்கின இடத்துக்கு சபையார்ல ஒருத்தர்கூட பொறுப்புல இல்லைங்கிறது எனக்கு சரியா படல.

5. நிலம் யார் பேர்ல

பட்டா, சிட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று. பட்டாவும் வில்லங்கமும் ஆன்லைன்லயே பார்த்துடலாம். கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேடு நகல்ல வகைப்பாடு என்னன்னு பாருங்க, நத்தமா, புஞ்சையா, புறம்போக்கான்னு.

தனி சபைகள்ல பெரும்பாலும் இடம் பாஸ்டர் பேர்ல தனிப்பட்ட சொத்தா இருக்கும். அப்போ மனு போட வேண்டியது சபையா பாஸ்டரா? ரெண்டு பேரும் சேர்ந்து போடுறதுதான் நல்லதுன்னு எங்களுக்கு சொன்னாங்க. சபை பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதி மாத்தணும்னா ஸ்டாம்ப் டூட்டியே கைடுலைன் மதிப்புல 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. மாத்துறது அவசியம்தான், பாஸ்டர் காலத்துக்கு அப்புறம் வாரிசுகள் பங்கு கேட்ட கதை எத்தனையோ கேட்டிருக்கேன், ஆனா கேஸ் நடுவுல இருக்கும்போது வக்கீலைக் கேக்காம பத்திரம் எழுதாதீங்க.

அடுத்து, ரொம்ப வருஷமா அங்க ஆராதனை நடக்குதுன்னு காட்ட ஆதாரம். இதுக்கு ஆள் சாட்சியை விட பேப்பர்தான் பேசும். ஞானஸ்நான ரெஜிஸ்டர், கல்யாண ரெஜிஸ்டர், பழைய ஈபி கார்டு, தேதி போட்ட கன்வென்ஷன் நோட்டீஸ், அடிக்கல் கல்வெட்டு போட்டோ. ஈபி கார்டுல டாரிஃப் என்னன்னு பாருங்க, வழிபாட்டுத் தலத்துக்கு 2-சின்னு தனி டாரிஃப் இருக்கு, அது எந்த வருஷத்துல இருந்து ஓடுதுங்கிறதே ஒரு ஆதாரம். வீட்டு கனெக்ஷன்ல சபை ஓடுதுன்னா அதை உங்களுக்கு எதிரா எடுத்து வைப்பாங்க, அதுக்கு பதிலை முன்னாடியே யோசிச்சு வைங்க.

6. சமாதானக் கூட்டத்துல கையெழுத்து

தாசில்தாரோ ஆர்டிஓவோ (வருவாய் கோட்டாட்சியர்) ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு சமாதானக் கூட்டம் போடுவாங்க. போகாம இருக்காதீங்க, வரலைன்னு எழுதிடுவாங்க. அஞ்சு பேருக்கு மேல போகாதீங்க. பாஸ்டர் கட்டாயம், செயலாளர், ஒரு வயசானவர், பெண்கள்ல ஒருத்தர்.

கூட்டம் முடியும்போது ஒரு தாள்ல எழுதி "ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க"ன்னு கையெழுத்து கேப்பாங்க. அங்க இன்ஸ்பெக்டர் நிப்பார், மணி மூணாகியிருக்கும், யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, "சும்மா ஃபார்மாலிட்டிதான், போட்டுட்டு போங்க"ம்பாங்க. எங்க பாஸ்டர் ஐயா போட்டுட்டார். அதுல நாலாவது வரியில "உரிய அனுமதி பெறும் வரை மேற்படி இடத்தில் ஆராதனை நடத்த மாட்டோம் என உறுதியளிக்கிறோம்"னு இருந்துச்சு. அந்த ஒரு வரிதான் ஹைகோர்ட்டுல அரசு தரப்பு போட்ட கவுன்ட்டர்ல, அதாவது பதில் மனுவுல, முதல் பாரா.

படிங்க. ஒவ்வொரு வரியையும் சத்தமா படிக்கச் சொல்லுங்க. ஒத்துக்க முடியாதது இருந்தா "கமிட்டியில வச்சு பதில் தர்றோம்"னு எழுதி, வந்ததுக்கு மட்டும் கையெழுத்து போடுங்க. மைக்கை நிறுத்துறோம், வண்டியை ரோட்டுல நிறுத்த மாட்டோம், ராத்திரி ஜெபத்தை ஒன்பது மணிக்குள்ள முடிக்கிறோம் இந்த மாதிரி நம்மால செய்ய முடிஞ்சதுக்கு மனசார ஒத்துக்கோங்க. ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்கிறது 2000ம் வருஷத்து ஒலி மாசு விதி, அதுல நம்ம பக்கம் தப்பு இருந்தா முதல்ல திருத்திக்கணும். பக்கத்து வீட்டுல பரீட்சைக்கு படிக்கிற பிள்ளை இருந்துச்சு, நாங்க கேட்டுக்கவே இல்லையேன்னு எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு.

7. கலெக்டருக்கு அனுமதி மனு

கேஸ் போட்டாலும் போடாட்டியும் இந்த மனு உங்க கையில இருக்கணும். இது இல்லாம கோர்ட்டுக்குப் போனா, முதல்ல கேட்டீங்களான்னுதான் கேப்பாங்க.

எங்ககிட்ட கேட்டது: நிலப் பத்திரம், பட்டா, வில்லங்கம், எஃப்எம்பி, லைசென்ஸ் வாங்கின இன்ஜினியர் போட்ட பிளான் அஞ்சு செட், சங்கப் பதிவு, ஃபார்ம் 7, தீர்மான நகல், உறுப்பினர் பட்டியல், பக்கத்து வழிபாட்டு இடங்கள் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ஒரு ஸ்கெட்ச், சுத்தி இருக்கிற வீட்டுக்காரங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்தது. இன்ஜினியருக்கு 15 ஆயிரம் ஆச்சு. மத்த மதத்து வீட்டுக்காரங்க நாலு பேர் எங்களுக்கு எழுதிக் கொடுத்தாங்க, நேர்ல போய் கேட்டதால கிடைச்சது.

மனு மேல இருந்து கீழ போய் திரும்ப மேல வரணும். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆர்டிஓ, தாசில்தார், ஆர்ஐ, விஏஓ, இன்னொரு பக்கம் எஸ்பி ஆபீஸ்ல இருந்து லோக்கல் ஸ்டேஷன், அப்புறம் தீயணைப்பு, சுகாதாரம். எங்க ஃபைல் எங்க நிக்குதுன்னு ரெண்டு மாசம் யாரும் சொல்லல. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டேன், கேட்டது ரெண்டே கேள்வி: என் மனு மேல எந்தெந்த தேதியில எந்த அலுவலகத்துக்கு கடிதம் போச்சு, வந்த அறிக்கைகளோட நகல் கொடுங்க. முப்பது நாள் முடியறதுக்குள்ள பதில் வந்துச்சு. அதுல ஸ்டேஷன் அறிக்கையில "எதிர்காலத்தில் பிரச்சனை வர வாய்ப்புள்ளது"ன்னு ஒரே வரி, என்ன பிரச்சனை, யார் சொன்னாங்க எதுவும் இல்ல. அந்த நகல்தான் எங்க கேஸுக்கு முதுகெலும்பா இருந்துச்சு.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்தா நம்பர் போட்டு ரசீது தருவாங்க, அதை வச்சுக்கோங்க. அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்லயும் அனுப்பி டெலிவரி ஆனதுக்கு பிரிண்ட் எடுத்து வைங்க.

8. ஹைகோர்ட்

நெல்லை, தூத்துக்குடி, குமரி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திண்டுக்கல் பக்கம்னா மதுரை கிளை, வடக்கு மேற்கு மாவட்டங்கள்னா சென்னை. அரசியலமைப்புச் சட்டம் 226ம் பிரிவுல ரிட் மனு, அதாவது அதிகாரிங்க நடவடிக்கையை எதிர்த்து நேரா ஹைகோர்ட்டுல போடுற மனு, கூடவே இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு.

வக்கீல் ஃபீஸை முதல் நாளே பேசிடுங்க. மொத்தமா இவ்ளோன்னு சொல்றாரா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா கேட்பாரா, டைப்பிங், நகல் செலவு யாரோடது, சீனியர் வக்கீல் வேணும்னா அது தனியா, இது எல்லாத்தையும் கேட்டு நோட்டுல எழுதி அவர் முன்னாடியே படிச்சுக் காட்டுங்க. எங்களுக்கு பயணச் செலவு உட்பட எல்லாம் சேர்ந்து 1 லட்சத்து 70 ஆயிரம் கிட்ட வந்துச்சு. கேஸ் நம்பர் வந்ததும் இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டு நீங்களே தினமும் பாருங்க, வக்கீல் போன் பண்ணுவார்னு காத்திருக்காதீங்க.

இப்போ பெரிய பொறி ஒண்ணு. நிறைய கேஸ்ல கோர்ட் என்ன சொல்லும்னா, மனுதாரரோட மனுவை கலெக்டர் சட்டப்படி பரிசீலிச்சு இத்தனை வாரத்துக்குள்ள உத்தரவு போடணும்னு சொல்லி முடிச்சுடும். அன்னைக்கு சபையில எல்லாரும் ஜெயிச்சுட்டோம்னு ஸ்தோத்திரக் கூட்டம் வச்சு, ஃபேஸ்புக்ல போட்டு, ஸ்வீட் கொடுத்தோம். அது ஜெயம் இல்ல. "பரிசீலி"ன்னு சொன்னதுதான், "கொடு"ன்னு சொல்லல. அதோட அந்த எட்டு வாரம், பன்னெண்டு வாரம் எல்லாம் உத்தரவு நகல் கலெக்டர் கைக்குப் போன நாள்ல இருந்துதான் ஓட ஆரம்பிக்கும். நாமதான் சான்று நகல் வாங்கி, முன்னாடி ஒரு கடிதம் வச்சு, பழைய மனு நகலையும் சேர்த்து, அனுப்பணும். நாங்க கோர்ட்டே அனுப்பிடும்னு நினைச்சு ஆறு வாரம் சும்மா இருந்துட்டோம்.

நேர்ல விசாரணைக்கு கூப்பிட்டா எழுத்துப்பூர்வமா பதில் எடுத்துட்டுப் போங்க, கொடுத்ததுக்கு நகல்ல சீல் வாங்குங்க. மறுத்து உத்தரவு வந்தா அந்த உத்தரவை எதிர்த்து புதுசா ரிட் போடணும், அதுல காரணம் என்ன எழுதியிருக்காங்கங்கிறதுதான் எல்லாம். வெறும் "சட்டம் ஒழுங்கு"ன்னு எழுதியிருந்தா அதுக்கு ஆதாரம் எங்கன்னு கேட்கலாம், பிளான்ல குறைன்னு எழுதியிருந்தா அதை சரி பண்ணி திரும்பக் கொடுக்கிறது சீக்கிரம் முடியும். சாதகமான உத்தரவு வந்தும் செய்யலைன்னா அவமதிப்பு மனு போட ஒரு வருஷம்தான் டைம். தனி நீதிபதி உத்தரவை எதிர்த்து அப்பீல்னா முப்பது நாள்.

9. சீல் இருக்கிற காலத்துல சபையை நடத்துறது

சீல் வச்ச கதவு முன்னாடி ரோட்டுல பாய் விரிச்சு ஆராதனை நடத்தலாம்னு வாலிபர்கள் சொல்வாங்க. வேண்டாம். நாங்க குடும்பங்களை ஏழா பிரிச்சு, வீட்டுக்கு வீடு மாத்தி மாத்தி பத்து பன்னெண்டு பேரா கூடினோம். பெரிய கூட்டம் வேணும்கிற பண்டிகை நாளுக்கு பக்கத்து ஊர் சபைக்குப் போனோம்.

காணிக்கையை அந்தந்த வீட்டுல வாங்கினா கணக்கு சிதறிடும். ஏழு ரசீது புக் போட்டு, ஞாயிறு சாயங்காலம் பொருளாளர்கிட்ட எண்ணிக் கொடுத்து, திங்கக்கிழமை பேங்க்ல போட்டோம். கேஸ் செலவுக்கு தனி நோட்டு, தனி வசூல், வாரக் காணிக்கையில இருந்து எடுக்கல. மாசம் ஒருதடவை வரவு செலவை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க உதவி பண்றேன்னு சபை அக்கவுண்ட்டுக்கு பணம் போட வந்தா உடனே வாங்கிடாதீங்க. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க கொடுத்தா அது எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துல வெளிநாட்டு நிதி, பதிவு இல்லாம தொட்டா இருக்கிற கேஸோட இன்னொரு கேஸ் சேரும். துபாய்ல வேலை பார்க்கிற இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சொந்த சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா அது வேற விஷயம், ஆனாலும் அவரோட பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைல்ல வைங்க.

கேஸைப் பத்தி யாரும் வீடியோ போடக் கூடாதுன்னும் ஒரு தீர்மானம் போட்டோம். ஒரு தம்பி அதிகாரி பேரைச் சொல்லி லைவ் போட்டுட்டான், அதை டவுன்லோட் பண்ணி ஸ்டேஷன்ல பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாங்க. நானும் பொருளாளர் அக்காவும் நேர்ல போய் வருத்தம் தெரிவிச்சுட்டு வந்தோம்.

10. சாவி கைக்கு வர்ற அன்னைக்கு

அனுமதி உத்தரவு வந்ததும் அதுல இருக்கிற நிபந்தனைகளை வரிசையா எழுதி சுவத்துல ஒட்டுங்க. எங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுப்பாடு, வண்டி நிறுத்த இடம், பிளானுக்கு மேல ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதுன்னு இருக்கு. ஒண்ணை மீறினாலும் அனுமதியை ரத்து பண்ண அதுவே காரணம் ஆகும்.

சீல் திறக்க விஏஓ, ஆர்ஐ வருவாங்க. மகஜர் நகலை கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு சாமானா சரி பாருங்க, குறைஞ்சது, நனைஞ்சது, கரையான் அரிச்சது எல்லாத்தையும் அந்த தாள்லயே எழுதச் சொல்லுங்க. எங்க பாட்டுப் புத்தகம் அலமாரி மொத்தமும் கரையான். சாவி வாங்கின நேரம், கொடுத்தவர் பதவி, வாங்கினவர் பேர், இதை அன்னைக்கே தீர்மானப் புத்தகத்துல ஏத்துங்க. அதுக்கு அடுத்த பக்கத்துல எங்க புத்தகத்துல இருக்கிறது, இந்த வருஷ பொதுக்குழுவை எந்த தேதியில கூட்டுறது, ஃபார்ம் 7ஐ யார் கொண்டு போய் தாக்கல் பண்றதுன்னு போட்ட தீர்மானம்.